தொழிற்கூடங்களுக்கு மின்சாரக் கம்பி தேர்ந்தெடுத்தலும் பொருத்துதலும்

(கூட்டுறவு சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



சென்னையிலிருந்து பங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை அடைந்து, அங்கிருந்து தெற்கே ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயிலுக்குத் திரும்பும் சாலையில் செல்வோர், ஒரு தலைமுறைக்கு முன் வயலும் ஏரியும் பனந்தோப்புமாக இருந்த பூமி இன்று யந்திரசாலைகளின் வரிசையாக மாறியிருப்பதைக் காண்பார்கள். 1998-ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹ்யூண்டாய் மோட்டார் சாலை கார்களைச் செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸ்ஸான், 2012-இல் டைம்லர் லாரிச் சாலை, 2013-இல் ராயல் என்பீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இப்பெரிய சாலைகளில் எந்தக் கம்பியை எவ்விடத்தில் போடுவது என்பதைத் தீர்மானிக்கத் தேர்ந்த இஞ்சினீயர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பிரசங்கம் அவர்களைப் பற்றியதன்று. அச்சாலைகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் தகரக் கூரையிட்ட கொட்டகை ஒன்றில் மாவு மில், எண்ணெய்ச் செக்கு, தையல் யந்திரங்கள், சிறு கடைசல் பட்டறை முதலியவற்றை வைத்து நடத்த விரும்பும் சங்கங்களைப் பற்றியதேயாகும்.

இந்தப் பிரதேசத்துக்குக் கூட்டுறவு புதிதன்று. இத்தேசத்தின் ஆதி விவசாய நாணய சங்கங்களுள் ஒன்று, 1904-ஆம் வருஷத்தில் அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில்தான் பதிவாயிற்று. ஆனால் கடன் கொடுத்து வசூலிப்பதில் நூறு வருஷத்துக்கு மேல் பழகிய சங்கங்களும், மின்சாரக் கம்பி வாங்கும் விஷயத்தில் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. அத்தவறு இன்னதென்று முதலில் சொல்லிவிடுவது நலம்.

ஒரு சாமான் வேண்டுமானால் மூன்று வியாபாரிகளிடமிருந்து விலைப்புள்ளி பெற்று, அவற்றுள் குறைந்ததை ஏற்றுத் தீர்மானம் எழுதுவது சங்கங்களின் வழக்கம். உர மூட்டை வாங்குவதற்கு இம்முறை குற்றமற்றது. ஏனெனில் மூட்டையின் எடையும் உரத்தின் பெயரும் எல்லா விலைப்புள்ளிகளிலும் ஒன்றே. மின்சாரக் கம்பியின் நிலைமை அவ்வாறன்று. “கொட்டகைக்கு வயரிங் செய்து கொடுக்க என்ன விலை?” என்று மாத்திரம் கேட்டால், ஒருவர் 25 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள கேபிளுக்கு விலை எழுதுவார், மற்றொருவர் 10-க்கு எழுதுவார், மூன்றாமவர் கனத்தைப் பற்றி ஒன்றும் எழுதாமலே விடுவார். மூன்றாமவரின் விலையே எப்போதும் குறைவாயிருக்கும். தீர்மானமும் அவர் பேரிலேயே நிறைவேறும். தணிக்கையில் அதைக் குறை கூறுவாருமில்லை. ஆகையால் விலைப்புள்ளி கோருவதற்கு முன்னமே கம்பியின் உலோகம், கனம், உறை, நீளம், பதிக்கும் முறை ஆகியவற்றைச் சங்கமே காகிதத்தில் எழுதி, எல்லா வியாபாரிகளிடமும் அந்த ஒரே ஜாபிதாவுக்கு விலை கேட்கவேண்டும்.

இதை எழுதுவதற்கு இஞ்சினீயர் பட்டம் தேவையில்லை. கணக்கு எழுதத் தெரிந்த காரியதரிசி ஒருவரும், லைசென்ஸ் பெற்ற வயர்மேன் ஒருவரும் ஒரு பகல் பொழுது உட்கார்ந்தால் போதும். உதாரணமாக ஒரு சங்கம் 20 குதிரைச் சக்தியுள்ள மோட்டாரால் ஓடும் மில் ஒன்றை வைக்கிறது என்று கொள்வோம். மீட்டர் அறை சாலை ஓரத்திலும் மில் கொட்டகை 120 மீட்டர் உள்ளேயும் இருக்கின்றன. மூன்று பேஸ், 415 வோல்டு சப்ளையில் இத்தகைய மோட்டார் முழுப் பாரத்தில் சுமார் 28 ஆம்பியர் இழுக்கும். அலுமினியத்தில் 10 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள, பி.வி.சி. உறையும் இரும்புக் கவசமும் இட்ட கேபிளை மண்ணில் புதைத்தால், அட்டவணைப்படி அது ஏறக்குறைய 46 ஆம்பியர் தாங்கும். “28-க்கு 46 தாராளம்” என்று வியாபாரி சொல்வார். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் பாதி உண்மையே.

அந்தக் கேபிளின் தடை கிலோமீட்டருக்கு 3.08 ஓம், சூடேறிய நிலையில் பத்தில் ஒரு பங்கு கூடும். 120 மீட்டர் தூரத்துக்கு ஒவ்வொரு கம்பியிலும் 0.41 ஓம் ஆகும். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதைத் தடையால் பெருக்கி, மூன்று கம்பிகளுக்குமாகக் கூட்டினால் சுமார் 960 வாட் வருகிறது. மில் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் இந்த 960 வாட் மாவரைப்பதற்கன்றி மண்ணைச் சூடாக்குவதற்கே செலவாகிறது. மீட்டரோ இதையும் சேர்த்தே எண்ணுகிறது. 25 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டிருந்தால், அதன் தடை கிலோமீட்டருக்கு 1.20 ஓம் மாத்திரமாதலால், நஷ்டம் சுமார் 360 வாட்டோடு நின்றுவிடும். வித்தியாசம் 600 வாட். தினம் 8 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் மில் ஓடினால் 1,440 யூனிட் ஆகிறது. யூனிட் ஒன்றுக்கு 7 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 10,080 ரூபாய். இரண்டு கேபிள்களுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கடைக்காரரிடம் கேட்டு, இந்தத் தொகையின் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், மெல்லிய கம்பியில் மிச்சம் பிடித்ததாக எண்ணிய பணம் எத்தனை வருஷத்தில் கரைந்துபோகிறது என்பது நிர்வாகிகளுக்கு விளங்கும். தூரம் 20 மீட்டராக இருந்தால் கணக்கு வேறாகும். அப்போது மெல்லிய கேபிளே போதுமென்றும் ஏற்படலாம். எல்லாவிடத்திலும் தடித்த கம்பியே போடவேண்டுமென்று சொல்வதும் விரயமே.

மோட்டார் தொடங்கும் நொடியையும் கவனிக்கவேண்டும். நேரடியாகத் தொடங்கும் மோட்டார் அந்த நொடியில் முழுப்பாரத்தைப்போல் ஆறு மடங்கு இழுக்கும். நீண்ட மெல்லிய கம்பியில் அவ்வளவு ஓட்டம் பாயும்போது மறுமுனையில் வோல்டு விழுகிறது. வோல்டு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் முறுக்கு விசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். மில்லில் தானியம் நிறைந்திருக்கும் சமயம் மின்சாரம் போய் வந்தால், மோட்டார் சுழலாமல் முனகிக்கொண்டே நின்று சுருள் கருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சங்கத்தார் மோட்டார் கம்பெனியின் பிழை என்று எண்ணி விடுகிறார்கள்.

அடுத்தது உஷ்ணம். கேபிள் அட்டவணைகளில் காணும் ஆம்பியர்கள் மண்ணின் சூடு 30 டிகிரி, காற்றின் சூடு 40 டிகிரி என்று வைத்துக் கணக்கிடப்பட்டவை. சித்திரை வைகாசியில் ஒரகடம் பக்கத்துத் தகரக் கொட்டகையின் கூரைக்கடியில் நிற்கும் சூடு 40 டிகிரியோடு அடங்குவதில்லை. 50 டிகிரி என்று கொண்டால் பி.வி.சி. கேபிளின் சக்தி நூற்றுக்கு 82 பங்காகக் குறையும். முன் சொன்ன 10 சதுர மில்லிமீட்டர் கேபிளையே புதைக்காமல் கூரைக்கடியில் கட்டினால், காற்றில் அது தாங்கக்கூடிய 40 ஆம்பியர் 33 ஆகிவிடும். அதோடு நான்கைந்து கேபிள்களைச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டினால் ஒன்றின் சூடு மற்றொன்றில் ஏறி அந்த 33-ம் மேலும் குறையும். பி.வி.சி. உறை 70 டிகிரி வரையிலும், எக்ஸ்.எல்.பி.இ. எனப்படும் உறை 90 டிகிரி வரையிலும் தாங்கும். ஆகையால் கூரைக்கடியில் போகவேண்டிய வழிக்குப் பின்னதே தக்கது. அதைவிடச் சிக்கனமான வழி ஒன்று உண்டு: கேபிளைச் சுவரின் கீழ்ப்பாகத்தில் கொண்டுசெல்லுதல்.

கம்பிக்கும் பியூஸுக்கும் உள்ள உறவைப் பலர் தலைகீழாக எண்ணுகிறார்கள். ஸ்டார்ட்டரிலுள்ள ரிலே காப்பது மோட்டாரை. பலகையிலுள்ள பியூஸ் அல்லது பிரேக்கர் காப்பது கம்பியை. எனவே மோட்டார் இழுப்பதைவிடப் பிரேக்கர் பெரிதாகவும், பிரேக்கரைவிடக் கம்பியின் சக்தி பெரிதாகவும் இருக்கவேண்டும். 33 ஆம்பியர் தாங்கும் கம்பிக்கு 40 ஆம்பியர் பியூஸ் வைத்தால், கம்பி வெந்துகொண்டிருக்கும்போது பியூஸ் சுகமாய் இருக்கும். அடிக்கடி பியூஸ் போகிறதென்று, கட்டையில் நாலைந்து செப்பிழைகளை முறுக்கிக் கட்டிவிடும் கைங்கரியத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! பிறகு கொட்டகையில் பியூஸாக வேலை செய்வது சுவரில் ஓடும் கம்பியேயாகும்.

செம்பா அலுமினியமா என்ற கேள்வி எல்லாக் கூட்டங்களிலும் எழுகிறது. மின்சாரத்தைக் கடத்துவதில் அலுமினியம் செம்பில் நூற்றுக்கு 61 பங்கு. செம்பில் 10 சதுர மில்லிமீட்டர் செய்யும் வேலையை அலுமினியத்தில் 16 செய்யும். அப்போதும் அலுமினியத்தின் எடை செம்பின் எடையில் பாதியே. ஆகவே நீண்ட தூரம் மண்ணில் புதைப்பதற்கு அலுமினியம் தாழ்ந்ததன்று. மீட்டர் அறையிலிருந்து கொட்டகை வரை அதுவே போதும். கொட்டகைக்குள்ளே, யந்திரங்களின் அதிர்ச்சி படும் இடங்களிலும், திருகுகளில் மாட்டவேண்டிய சிறு கம்பிகளுக்கும் செம்பே வேண்டும். அலுமினியத்தின் மேல் காற்றுப்பட்டவுடன் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. மேலும் திருகின் அழுத்தத்தில் அது நாளடைவில் நசுங்கித் தளர்கிறது. செம்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டால் ஈரத்தில் அரிக்கும். அவ்விடங்களுக்கு இரு உலோக லக்குகள் கிடைக்கின்றன.

தளர்ந்த இணைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தேசமறிந்த திருஷ்டாந்தம் ஒன்றுண்டு. 1997-ஆம் வருஷம் ஜூன் 13-ந் தேதி டில்லியில் உப்ஹார் சினிமாக் கொட்டகையில் 59 பேர் மாண்டார்கள். அன்று காலை அக்கட்டிடத்திலிருந்த டிரான்ஸ்பார்மர் ஒன்று பழுது பார்க்கப்பட்டது. கேபிளின் முனையில் லக்கை அதற்குரிய அழுத்தும் கருவியால் பொருத்தாமல் சுத்தியால் அடித்துப் பொருத்தினார்கள் என்பது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. பகலெல்லாம் அந்த இணைப்புப் பொறி விட்டுத் தளர்ந்தது. மாலையில் கேபிள் கழன்று விழுந்து, டிரான்ஸ்பார்மரின் எண்ணெய்த் தகட்டில் துளையிட்டது. ஒழுகிய எண்ணெய் தீப்பற்றிற்று. மேல்மாடியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நெருப்பினால் அல்ல, வெளியேற வழியின்றிப் புகையினால் இறந்தார்கள். லக் அழுத்தும் கருவி கிடைத்தற்கரிய பொருளன்று. வேலைக்கு வரும் கண்டிராக்டரிடம் கருவி இருக்கிறதா, கம்பியின் கனத்துக்கு ஏற்ற அச்சு அதில் உண்டா என்று முதல் நாளே காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

கடையில் சாமானைப் பரிசோதிப்பது எவ்வாறென்றும் சிறிது சொல்லவேண்டும். கம்பியின் உறையிலும் சுருளின் சீட்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், முத்திரைக்கு மேல் தர எண்ணும், கீழே லைசென்ஸ் எண்ணும் இருக்கவேண்டும். சாதாரணக் கொட்டகைக் கம்பிக்குரிய தர எண் 694, கவசமிட்ட பி.வி.சி. கேபிளுக்கு 1554, எக்ஸ்.எல்.பி.இ.க்கு 7098. முத்திரையைப் போலியாக அச்சிடுவோரும் உண்டாதலால், தராசை நம்புவது மேல். 90 மீட்டர் சுருளில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றால் செம்பு மாத்திரமே ஏறக்குறைய 2 கிலோ இருக்கவேண்டும். உறையோடு அதற்கு மேல் வரும். சுருள் முழுதும் சேர்த்தே 2 கிலோவுக்குக் குறைந்தால் செம்பு குறைவென்றோ, நீளம் குறைவென்றோ, செம்பு பூசிய அலுமினியம் என்றோ நிச்சயமாகக் கொள்ளலாம். இழையொன்றைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது கடைசியிற் சொன்ன வகை. வயர்மேன்கள் இன்னும் பழைய வழக்கப்படி 3/20, 7/20 என்று கேட்பதுண்டு. 20 கேஜ் இழை மூன்று சேர்ந்தால் 2 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏழு சேர்ந்தால் 4.6. பேச்சில் எவ்வாறிருப்பினும் ஜாபிதாவில் சதுர மில்லிமீட்டரே எழுதப்படவேண்டும்.

இனிப் பதிக்கும் முறை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஏரிகளின் பூமி. செம்பரம்பாக்கத்துக்குப் போகும் நீரில் ஒரு பங்கு இப்பக்கத்திலிருந்தே செல்கிறது. 2015-ஆம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களின் பெருவெள்ளத்தில் இத்தொழிற்பேட்டைகளிலேயே பெரிய கார்ச் சாலைகள் உற்பத்தியை நிறுத்தவேண்டியதாயிற்று. நீர் தேங்கும் என்று ஊரார் அறிந்த தாழ்வில் கேபிளுக்கு மூட்டுப் போடுவதும், பலகையைத் தரைமட்டத்தில் வைப்பதும் தெரிந்தே செய்யும் பிழைகளாகும். கேபிள் ஒரே துண்டாக வரும்படி முழு நீளத்துக்கு வாங்கவேண்டும். பலகையை, 2015-இல் தண்ணீர் நின்ற அடையாளத்தை ஊரிலே கேட்டறிந்து, அதற்கு மேல் மேடை கட்டி வைக்கவேண்டும். கேபிளை 75 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமலும், வண்டி போகும் பாதையைக் கடக்குமிடத்தில் 1 மீட்டர் ஆழத்தில் குழாய்க்குள்ளும் இறக்கவேண்டும். கீழும் மேலும் மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கி, பிறகே மண் மூடவேண்டும். வளைக்கும்போது கேபிளின் குறுக்களவைப்போல் பன்னிரண்டு மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் மடக்கலாகாது. குழியை மூடுமுன் நிர்வாகிகளில் ஒருவர் டேப்புடன் நின்று அளந்து பார்ப்பது நலம். மூடிய பிறகு 75 சென்டிமீட்டரும் 30 சென்டிமீட்டரும் ஒன்றுபோலவே தோன்றும்.

பூமி இணைப்பைப் பற்றிச் சுருங்கச் சொன்னாலும் அழுத்தமாகச் சொல்லவேண்டும். மூன்று பேஸ் மோட்டாரின் உடலுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பூமி இணைப்புகள் வேண்டுமென்பது 1956-ஆம் வருஷத்து மின்சார விதிகளிலேயே உள்ளது. மத்திய மின்சார அதிகார சபை 2023-இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிகளிலும் அது நீடிக்கிறது. ஒன்று அறுந்தால் மற்றொன்று காக்கும். பச்சைக் கம்பி பூமி இணைப்புக்கே உரியது. மிச்சமிருக்கிறதென்று அதை வேறெதற்கும் போடலாகாது. கேபிளின் இரும்புக் கவசத்தையும் இருமுனைகளிலும் கிளாண்டு வழியாகப் பூமியோடு சேர்க்கவேண்டும். தையல் யந்திரங்கள், கைத் துளைக்கருவிகள் முதலிய, தேகத்தில் படும் சாமான்களின் வழியில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே அணையும் பிரேக்கர் வைக்கவேண்டும். மழைக்காலத்தில் அது அடிக்கடி அணைகிறதென்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக்கொள்ளும் சங்கங்கள் உண்டு. அடிக்கடி அணைவது அதன் குற்றமன்று. எங்கேயோ கசிகிறதென்று அது சொல்லும் சேதி. அந்தச் சேதி கேட்கப்படாவிட்டால், அடுத்த முறை ஈரக்கையோடு யந்திரத்தைத் தொடும் ஸ்திரீ அங்கத்தினர் ஒருவரே அதைச் சொல்லவேண்டி வரும்.

வேலை முடிந்தவுடன் கண்டிராக்டருக்குப் பாக்கித் தொகை கொடுப்பதற்கு முன், 500 வோல்டு மெக்கர் கருவியால் உறைகளின் தடையைச் சோதித்து, ஒரு மெகாஓமுக்குக் குறையவில்லை என்பதை எழுத்தில் வாங்கவேண்டும். லைசென்ஸ் பெற்ற கண்டிராக்டர் மின்வாரியத்துக்குக் கொடுக்கும் பூர்த்தி அறிக்கையின் நகல் சங்கத்திலும் இருக்கவேண்டும். இதே சோதனையை வருஷந்தோறும் புரட்டாசியில், மழை இறங்குமுன் ஒரு தரமும், தை பிறந்தபின் ஒரு தரமும் செய்து எண்களைப் புஸ்தகத்தில் பதிந்தால், எந்தக் கேபிள் நலிந்து வருகிறது என்பது அது எரிவதற்கு முன்னமே தெரியவரும். புரட்டாசியில் 50 காட்டிய கேபிள் தையில் 3 காட்டினால், விதிப்படி அது தேறியதேயானாலும், அதன் முனைகளைத் திறந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

புதைத்த கேபிள் எவ்வழியே போகிறது என்பதற்கு ஒரு படமும், தரையில் அடையாளக் கற்களும் வேண்டும். இப்பிரதேசத்தில் சாலை அகலப்படுத்துவதற்கும் குழாய் பதிப்பதற்கும் மண்வெட்டி யந்திரங்கள் இறங்காத வருஷமில்லை. வயர்மேனின் ஞாபகத்தில் மாத்திரம் இருந்த வழி, அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போனவுடன் அவரோடேயே போய்விடுகிறது. மீட்டர் அறைச் சுவரிலிருந்து எத்தனை மீட்டர், வேப்பமரத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அளவு குறித்துக் காரியதரிசியே கையால் வரைந்த படமும் போதும். அதில் கேபிளின் கனம், உலோகம், வாங்கிய தேதி, பில் எண் ஆகியவற்றை எழுதி, ஒரு பிரதியைப் பலகைக் கதவின் உட்புறத்திலும் மற்றொன்றைத் தீர்மானப் புஸ்தகத்திலும் ஒட்டிவைக்கவேண்டும்.